குற்றம் இயல்பானது என்று எப்படி எழுதுவது? பிறழ்வுச் சமூகவியல் படித்தவர்கள் கொஞ்சம் வரவும்

முதல்வரிசை_தூக்கம்:
இந்த செமஸ்டரில் 'பிறழ்வும் குற்றமும்' என்று ஒரு தாள் (பிறழ்வு என்றால் சமூகத்தின் விதியை மீறி நடப்பது). விருப்பப்பாடம், நானே போய் எடுத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தொடர் கொலைகாரர்கள், துப்பறிதல் என்று சுவாரசியமாக ஏதாவது வரும் என்று நம்பித்தான் எடுத்தேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது, இன்னும் ஒரு பிணம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் துர்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர். குற்றம் சமூகத்தின் இயல்பான அம்சம் என்கிறார் அந்த மனிதர். ஆசிரியர் அதையே கட்டுரைக்குக் கொடுத்துவிட்டார்: 'குற்றம் இயல்பானது என்ற கருத்தை விமர்சன நோக்கில் ஆராய்க.' 2500 சொற்கள், மூன்று வாரம்.

எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே பேனா நின்றுவிடுகிறது. இயல்பானது என்றால் 'பரவாயில்லை, விடு' என்று பொருளா? என்ன படிக்கிறாய் என்று அப்பா கேட்டார், இதைச் சொன்னேன், அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, காசு கட்டி இதைத்தான் படிக்க அனுப்பினேனா என்பது போல. முன்பே எடுத்தவர்கள் யாராவது வழிகாட்டுங்கள்.

நூலகப்பூனை:
பிணம் கடைசி வாரம் வரைக்கும் வராது தம்பி, இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். துப்பறிவது தடயவியல், ஆளின் மனதைக் குடைவது குற்ற உளவியல். இந்தத் தாள் கேட்பது வேறு: ஒரு செயலைக் குற்றம் என்று யார் தீர்மானித்தார்கள், அதைச் செய்தவர்களில் யார் அகப்பட்டார்கள், அகப்பட்ட பிறகு அவர்கள் என்ன ஆனார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தாள் கைக்குள் வந்துவிடும்.

துர்கைம் 1895-ல் எழுதியது அது. அவர் சொல்லும் 'இயல்பு' உங்கள் அப்பா காதில் விழுந்த இயல்பு அல்ல. குற்றமே இல்லாத சமூகம் ஒன்றை யாராவது காட்ட முடியுமா, முடியாது, எல்லா இடத்திலும் இருக்கிறது, அப்படியானால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோயாக இருக்க முடியாது, மனிதர்கள் கூடி வாழ்வதோடு சேர்ந்தே வருகிறது என்பது அவர் வாதம். துறவிகள் மட்டுமே வாழும் ஒரு மடத்தை நினைத்துப் பாருங்கள் என்கிறார். கொலை, கொள்ளை எதுவும் அங்கே நடக்காது. ஆனால் வெளியே நாம் கண்டுகொள்ளாத ஒரு சின்னச் சறுக்கல் அங்கே பெரிய குற்றமாகிவிடும். கோடு இடம் மாறுமே தவிர, கோடே இல்லாமல் போகாது.

அங்கேயே இரண்டு எச்சரிக்கையும் வைத்திருக்கிறார், மாணவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குற்றம் சமூகத்துக்கு இயல்பு என்பதால் குற்றம் செய்த ஆள் இயல்பான மனநிலையில் இருக்கிறார் என்று ஆகிவிடாது. அப்புறம், இயல்பு என்பதால் அதை வெறுக்கக் கூடாது என்றும் ஆகாது. வலியும் இயல்புதான், யார் வலியை விரும்புகிறார்கள்? இந்த இரண்டையும் முதல் பத்தியில் வைத்தாலே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

முதல்வரிசை_தூக்கம்:
தம்பி இல்லை அக்கா, தங்கச்சி. வலி உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன். 'ம், சரி' என்றார். அவர் அளவுக்கு அது கைதட்டல்.

நூலகப்பூனை:
அடடா. ஒரு பெயரைப் பார்த்ததும் ஆணாகத்தான் இருக்கும் என்று முத்திரை குத்திவிட்டேன். ஆறாவது வாரம் இதைத்தான் படிப்பாய், எடுத்துக்காட்டாக என்னையே எழுதிக்கொள்.

ஏழாம்_மாடி:
எங்களுக்கு முதல் வாரமே ஒரு பயிற்சி வைத்தார்கள். சட்டத்தை மீறக் கூடாது, யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது, எழுதப்படாத ஒரு விதியை மட்டும் மீறிவிட்டு என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். நான் லிஃப்ட்டில் ஏறிக் கதவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே இருந்த நான்கு பேரையும் பார்த்தபடி நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். இரண்டாவது மாடியில் ஒருவர் செல்பேசியை எடுத்தார், திரை அணைந்தே கிடந்தது, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு பையன் சிரிப்பை அடக்கினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏழாவது மாடி வரை போவதாகத் திட்டம், ஐந்திலேயே நானாகத் திரும்பி நின்றுகொண்டேன். போலீஸ் இல்லை, அபராதம் இல்லை, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் திருந்திவிட்டேன்!

இதை ஆரம்பித்து வைத்தவர் ஹெரால்ட் கார்ஃபிங்கல். மாணவர்களைத் தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியவர் போல மரியாதையாக நடந்துகொள்ளச் சொன்னார். வீட்டார் குழம்பி, கோபப்பட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்கும் அளவுக்குப் போனது. பிறழ்வு என்பது குற்றத்தைவிடப் பெரிய வட்டம் என்று விரிவுரையில் பத்து முறை கேட்டிருந்தேன், லிஃப்ட்டில்தான் உறைத்தது.

கறார்பேர்வழி:
நானும் இந்தத் தாளைப் படித்து, சுமாரான மதிப்பெண்ணோடு கரையேறியவன்தான். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை பூட்டை உடைத்துப் புகுந்தார்கள். போன பொருள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு மூன்று மாதம் இரவில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அடுத்த செமஸ்டரில் நான் வகுப்பில் உட்கார்ந்து 'குற்றம் என்பது செயலின் தன்மை அல்ல, மற்றவர்கள் அதற்குக் கொடுக்கும் பெயர்' என்று குறிப்பு எடுக்கிறேன். அந்தப் பூட்டு உடைந்தது யாரோ கொடுத்த பெயராலா? திருடியவனுக்கு ஆயிரம் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும் பாடத்தில் என் அம்மாவுக்கு ஒரு பத்தி கிடையாது.

பழையகேஸ்:
கறார் அவர்களே, நியாயமான கேள்வி. நான் முதுகலை முடித்துவிட்டு நன்னடத்தைப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நீங்கள் குறிப்பெடுத்த வரி ஹோவர்ட் பெக்கர் 1963-ல் சொன்னதன் சாரம். அவர் பேசியது கஞ்சா புகைப்பவர்கள், நடன அரங்குகளில் வாசிக்கும் இசைக்கலைஞர்கள் பற்றி. அங்கே அந்த வாதம் அழகாகப் பொருந்தும். உடைந்த பூட்டிலும் அடிபட்ட உடம்பிலும் அது பாதி தூரம்தான் வரும். இதையே சொல்லி 1980களில் பிரிட்டனில் ஒரு கூட்டம் கிளம்பியது, ஜாக் யங், ஜான் லீ போன்றவர்கள், இடதுசாரிகள்தான். குற்றத்தால் அதிகம் நசுங்குவது ஏழைகள் வாழும் தெருக்கள், அதை வெறும் பெயர்சூட்டல் என்று ஒதுக்குவது அந்த மக்களுக்கே துரோகம் என்றார்கள். லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டு 1986-ல் ஆய்வறிக்கையும் வெளியிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கான பத்தி அங்கே இருக்கிறது, பாடத்திட்டத்தில் கடைசி வாரத்தில் தள்ளிவிடுவார்கள், அதற்குள் பாதிப் பேர் விடுப்பில் போயிருப்பார்கள்.

காரணம் கண்டுபிடிப்பது பற்றி: சைக்ஸ், மாட்சா என்று இருவர் 1957-ல் குற்றம் செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஐந்தாகப் பிரித்தார்கள். 'என் கையில் இல்லை', 'யாருக்கு என்ன நஷ்டம்', 'அவனுக்கு இது வேண்டும்', 'என்னைப் பிடிப்பவன் மட்டும் யோக்கியனா', 'கூட இருப்பவர்களுக்காகச் செய்தேன்'. இந்த ஐந்தையும் நான் ஒரே வாரத்தில் கேட்டுவிடுவேன். அந்த இருவரும் அந்தச் சமாதானங்களை ஏற்றுக்கொள்ளவில்லை. விதியே இல்லை என்று நினைப்பவனுக்குச் சமாதானம் எதற்கு, விதி சரி என்று உள்ளுக்குள் தெரிந்தவனுக்குத்தான் அது தேவை என்று காட்டினார்கள்.

இப்போது என் பக்கம். என் மேசைக்கு ஒருவர் வருவதற்கு முன்னால் அவருடைய கோப்பு வந்துவிடும். முதல் பக்கத்தில் குற்றம். அதைப் படித்த கண்ணோடுதான் மற்றப் பக்கங்களைப் படிப்போம். ஒரு பையன், செல்பேசி திருட்டு. கோப்பில் 'பள்ளியிலிருந்து இடைநின்றவர்', 'அடிக்கடி இடம் மாறும் குடும்பம்', 'தந்தையுடன் பேச்சு இல்லை' என்று இருந்தது. எல்லாம் உண்மை. இதே மூன்றும் எனக்கும் பொருந்தும், நான் பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் பள்ளிக்கே போகவில்லை. என்னைப் பற்றி யாரும் கோப்பு திறக்கவில்லை, அதனால் அவை வெறும் சம்பவங்களாகவே இருந்துவிட்டன. மனநல மருத்துவமனைப் பதிவேடுகளைப் பற்றி எர்விங் காஃப்மன் 1961-ல் இதையேதான் சொன்னார். ஆளின் வாழ்க்கையிலிருந்து பெயரைக் கெடுக்கும் சம்பவங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் ஒரு வேலை அது. படிக்கும்போது மிகை என்று நினைத்தேன்.

கறார்பேர்வழி:
சரி, இஸ்லிங்டன் அறிக்கையைத் தேடிப் பார்க்கிறேன். கோப்பு விஷயம் கொஞ்சம் குத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூட்டு பூட்டுதான்.

கணக்குப்புலி:
எல்லோரும் கோட்பாட்டிலேயே நிற்கிறீர்கள். தங்கச்சி, கட்டுரையில் எண் ஏதாவது போடப் போகிறாய் என்றால் முதலில் இதைப் படி. காவல்துறை வெளியிடும் எண்ணிக்கை, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை கிடையாது. நடந்தது, யாராவது பார்த்தது, பார்த்தவர் புகார் கொடுத்தது, அந்தப் புகாரைப் பதிவு செய்தது என்று நான்கு சல்லடை. மேலே போட்டதில் அடியில் விழுவதுதான் புள்ளிவிவரம். கொலை ஓரளவு முழுதாக விழும், பிணத்தை மறைப்பது கடினம். வாகனத் திருட்டும் விழும், காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் புகார் வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி மேலேயே தங்கிவிடும். கிட்சூஸ், சிக்கூரல் இருவரும் 1963-லேயே சொல்லிவிட்டார்கள், இந்த எண்கள் குற்றவாளிகளைவிட அவற்றைத் தயாரிக்கும் அலுவலகங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன என்று.

அதனால்தான் வேறு வழிகள் வந்தன. மாணவர்களிடம் பெயர் கேட்காமல் 'நீ என்னென்ன செய்திருக்கிறாய்' என்று கேட்டார்கள். ஷார்ட், நை இருவரும் 1950களில் இப்படிக் கேட்டபோது, சீர்திருத்தப் பள்ளிகளில் தெரிந்த அளவுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்கும் பெரிய ஆய்வு அமெரிக்காவில் 1970களிலும் இங்கிலாந்தில் 1982-லும் தொடங்கியது. அதிலும் ஓட்டை உண்டு, கொலையானவரிடம் போய்க் கேட்க முடியாது, ஏமாற்றப்பட்டதே தெரியாதவரிடம் கேட்டும் பயனில்லை.

'குற்றம் இத்தனை சதவீதம் கூடியது' என்று செய்தியில் பார்த்ததைக் கட்டுரையில் ஒட்டினால் எங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் 'கூடியது குற்றமா, புகாரா?' என்று எழுதுவார். எனக்கு மூன்று முறை எழுதினார்.

முதல்வரிசை_தூக்கம்:
இது நேற்றே தெரிந்திருக்கலாம் அண்ணா. இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். சமூகவியலாளர் மெர்ட்டனைச் சேர்க்கவா? அந்த ஐந்து வகைப் பட்டியல் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நூலகப்பூனை:
தேர்வுக்கு மெர்ட்டன், கட்டுரைக்கு வேண்டாம். 1938, எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால் மற்றவர்கள் குறுக்குவழி தேடுவார்கள், நல்ல யோசனைதான், ஆனால் வழி அகலமாகத் திறந்தே இருந்தவர்கள் ஏன் திருடுகிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் திணறல். அந்த இடத்துக்கு சதர்லாந்தை எடு. அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்கள் மீது வந்த தீர்ப்புகளை, நீதிமன்றத்தோடு ஒழுங்குமுறை ஆணையங்களையும் சேர்த்து, உட்கார்ந்து எண்ணினார் மனிதர். 980 வந்தது. ஒரு நிறுவனமும் சுத்தமாகத் தப்பவில்லை. 1949-ல் புத்தகம் அச்சுக்குப் போகும்போது வழக்கு வரும் என்று பயந்து நிறுவனப் பெயர்களை எடுக்க வைத்துவிட்டார்கள், பெயர்களோடு முழுப் பதிப்பு வர 1983 ஆகிவிட்டது, அவர் இறந்தே முப்பது வருடத்துக்கு மேல். செல்பேசி திருடிய பையனின் பெயரை மறைக்க யாரும் அப்படித் தவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

துர்கைமை விமர்சிக்க வேண்டிய இடமும் அதுதான். குற்றம் நடந்ததும் 'சமூகம்' கொதிக்கிறது, கூடிப் பேசுகிறது, அதனால் விதி புதுப்பிக்கப்படுகிறது என்கிறார். எந்தச் சமூகம்? அதற்கு ஒரே மனதா? சிலவற்றுக்கு மட்டும் கொதித்துவிட்டு மற்றவற்றுக்குத் தூங்குகிறதே, அது எப்படி? இதைக் கேட்டால் உன் 'விமர்சன நோக்கு' வந்துவிட்டது.

ஏழாம்_மாடி:
அதற்குச் சேம்ப்ளிஸ் என்பவரின் ஆய்வு கச்சிதம், 1973. ஒரே பள்ளியில் இரண்டு கூட்டம், வசதியான வீட்டுப் பையன்கள் எட்டுப் பேர், ஏழை வீட்டுப் பையன்கள் ஆறு பேர். எட்டுப் பேரும் வகுப்பை ஏமாற்றுவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, சாலையில் பள்ளம் தோண்டிய இடத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தடுப்பை எடுத்துவிட்டு வண்டி வந்து மாட்டுவதை ஒளிந்திருந்து பார்ப்பது என்று எல்லாம் செய்தார்கள். இரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அந்த ஆறு பேர் எந்நேரமும் போலீஸ் கண்ணில். எட்டுப் பேரிடம் கார் இருந்தது, ஊருக்கு வெளியே போய் அட்டகாசம் செய்தார்கள், அகப்பட்டால் 'மன்னிக்க வேண்டும் ஐயா' என்று பணிவாகப் பேசத் தெரிந்தது. ஆறு பேருக்குத் தெருமுனையை விட்டால் போக்கிடம் கிடையாது.

பழையகேஸ்:
முத்திரை குத்திய பிறகு என்ன ஆகும் என்பதற்கு வலுவான சோதனை டெவா பேஜர் 2003-ல் வெளியிட்டது. மில்வாக்கி நகரத்தில் ஒரே தகுதி உள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார், ஒரு சிலர் சிறை சென்றதாகச் சொல்ல வேண்டும். திரும்ப அழைப்பு வந்தது: குற்றப் பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 சதவீதம், பதிவு உள்ள வெள்ளையருக்கு 17, பதிவே இல்லாத கறுப்பருக்கு 14, பதிவு உள்ள கறுப்பருக்கு 5. நடுவில் உள்ள இரண்டு எண்ணையும் இன்னொரு முறை பாருங்கள்.

பிறப்பிலேயே முத்திரை குத்திய சட்டமும் உண்டு. 1871-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் பட்டியலில் இருந்த ஒரு சாதியில் பிறந்தாலே ரேகை வைக்க வேண்டும், காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். அதனால் மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்'. 1952-ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், நீக்கப்பட்டவர்களுக்கும் 'சீர்மரபினர்' என்று ஒரு பெயர் வந்தது. பெயர் இல்லாமல் விட மனம் வரவில்லை பாருங்கள்.

களத்துக்குப்_புதுசு:
இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். ஆய்வேட்டுக்குச் சிறுகுற்றம் செய்த இளைஞர்களிடம் நேர்காணல் எடுக்கலாம் என்று இருக்கிறேன். நெறிமுறைக் குழு இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்காவது அனுபவம்?

நூலகப்பூனை:
ஒப்புதல் படிவத்தில் 'நீங்கள் சொல்வது அனைத்தும் ரகசியமாக வைக்கப்படும்' என்று எழுதியிருப்பீர்கள், சரியா? அந்த வரிதான் வினை. உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. யாரையோ அடிக்கப் போவதாக ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? எது வரைக்கும் ரகசியம், எங்கே உடையும் என்று பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய குற்றங்களைப் பற்றிக் கேட்கும்போது பெயர், தேதி, இடம் சொல்ல வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லுங்கள், தெரியாததை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. குழு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. லாட் ஹம்ஃப்ரீஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகளில் ஆண்கள் ரகசியமாகப் பாலுறவு கொள்வதைக் கவனித்து, வண்டி எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு வருடம் கழித்து வேறு ஆய்வுக்கு வந்தவர் போல மாற்றுத் தோற்றத்தில் அந்த வீடுகளுக்கே போய்ப் பேட்டி எடுத்தார். 1970-ல் புத்தகம் வந்தது. கண்டுபிடிப்பு முக்கியமானது, வழி மோசம், நான் அப்படித்தான் நினைக்கிறேன், மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

முதல்வரிசை_தூக்கம்:
நன்றி எல்லோருக்கும். கட்டுரை பாதி முடிந்தது. தொடக்கத்துக்கு ஒரு சின்ன வேலை செய்தேன். நூலக வாசிப்பறையில் 'பேசாதீர்' பலகை தொங்குகிறது, அதற்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து யார் பேசினாலும் ஒரு கோடு போட்டேன். பதினோரு முறை பேச்சு. நூலகர் எழுந்து வந்து கடிந்துகொண்டது மூன்று முறை, மூன்றும் அவர் மேசைக்கு எதிரே இருந்த ஒரே கூட்டம். அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜோடி அதைவிடச் சத்தமாகச் சண்டையே போட்டது, அவர் காதுக்குப் போகவில்லை. மூன்றாவது முறை திட்டு வாங்கியதும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி 'எப்படியும் நம்மைத்தான் சொல்லுவார்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் குரலைத் தணிக்கவே இல்லை.

பழையகேஸ்:
கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதே. லெமர்ட் 1951-ல் இரண்டாம் நிலைப் பிறழ்வு என்று சொன்னது, அதாவது முத்திரை குத்தப்பட்டவர் அந்த முத்திரைப்படியே நடக்கத் தொடங்குவது, இதுதான், உன் நூலகத்திலேயே நடந்திருக்கிறது.

கணக்குப்புலி:
இரண்டு மணி நேரம், ஓர் அறை, ஒரே ஆள் எண்ணியது. இதை வைத்து எதையும் நிறுவிவிடாதே, எடுத்துக்காட்டு என்று சொல்லி நிறுத்து. அப்புறம் ஒரு சந்தேகம், நீ பேசவே இல்லையா?

முதல்வரிசை_தூக்கம்:
பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு பேனா கேட்டேன். கோடு போட.

அது பதினொன்றில் சேரவில்லை.